தையல்காரருக்குத் துருக்கோடு எப்படித் தெரியும்?

நேற்றுச் சாயங்காலம் கூடத்தில் இருந்தவர்கள்: முன் நாற்காலியில் பெரியவள், லாரியின் எஞ்சினாக. பின் நாற்காலிகளில் சின்னவனும் ஒரு தலையணையும், பின் சக்கரங்களாக. ஜன்னலோரம் செய்தித்தாளோடு நீங்கள், "இந்த லாரி உனக்குத் தேவையா?" என்று கேட்டதிலிருந்து மூன்று நாளாக என்னோடு பேசாமல்.

வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு, பார்த்ததை வாய்விட்டுச் சொன்னால்தான் லாரி உரிமத் தேர்வில் மதிப்பெண். சின்னவனைத் தொட்டு, "டயர் தேயல, காத்து இருக்கு, நட்டு எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

"நட்டுக்குக் கீழ துருக்கோடு இறங்குதான்னு யாரு பாக்கிறது, உங்கப்பாவா?" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

துருக்கோடு தெரிந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று என் புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்தில்தான் இருக்கிறது. தையல் கடைக்காரர் அதை எப்போது படித்தார்? நான் குளிக்கப் போனபோதா? எத்தனை பக்கம்? ராத்திரியெல்லாம் இதே யோசனை.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

பி.கு.: தேர்வு பத்து மணிக்கு. கடையைக் கொஞ்சம் தாமதமாகத் திறந்தால் ஒன்றும் குடி முழுகாது. பேசக்கூட வேண்டாம், வந்து நின்றால் போதும்.

இன்னொன்று: இந்தக் கடிதத்தை ஒட்டிப் பெரியவளிடம் கொடுக்கிறேன். நீங்கள் படித்து முடிப்பதை நின்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவாளாம்.