திருப்பி அனுப்புகிறார்களாம்

மார்கழி 18, வெள்ளி. திண்டிவனம்.

இங்கே இலங்கை அகதி முகாமில் பிறந்து என்னோடு படித்த ரூபன், சாயங்காலம் ஜெர்மனியிலிருந்து பேசினான். அவனுடைய அகதி மனுவைத் தள்ளிவிட்டார்களாம்.

“சொந்த ஊரைப் பத்திச் சொல்லுன்னாங்கடா. மல்லாட்டை மண்டி, பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லிக்கினே போனேன். இலங்கையை நான் எங்கடா பார்த்தேன்?”

எங்கள் ஊர் வேர்க்கடலை மண்டியைச் சொன்னதால் அவன் இந்தியனாம். இங்கே கேட்டால் அவன் இலங்கையன். இரண்டு அரசாங்கங்கள் இவ்வளவு பெருந்தன்மையாக ஒருவனை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு வரவில்லை.

“கூட யாருடா இருக்காங்க?”

“ரூம்ல ஹீட்டர் இருக்குது மச்சான்.”

முகாமுக்கு அவன் அம்மாவிடம் போய், எங்கே என்று சொல்லாமல், திருப்பி அனுப்பப் போகிறார்களாம் என்று மட்டும் சொன்னேன்.

“அப்ப இஞ்ச வாறானோ தம்பி!”

அவனுடைய கட்டில்மேல் கிடந்த மூட்டைகளை உடனே இறக்கத் தொடங்கிவிட்டார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.