இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர்

பிப்ரவரி 5, வியாழன்

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு மாடியே தெரியவில்லை. ஸ்கூல் ஆபீஸில் திங்கள் வரை லீவு சொல்லியாகிவிட்டது. ஹெச்.எம். முகம் சரியில்லை. இருக்கட்டும்.

எடுத்து வைத்தது: தீர்த்தமாடப் பழைய புடவை மூன்று, டவல் இரண்டு, பி.பி. மாத்திரை, ஆதார் ஜெராக்ஸ், ஃபிளாஸ்க், எள் கால் கிலோ. எள் அங்கேயே கிடைக்கும். ஆனாலும் சேகர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். வீட்டுக்காரரின் தம்பி. அனகாபுத்தூரில் ஏ.சி. மெக்கானிக். எதையும் மறக்க மாட்டான்.

சாயங்காலம் தாம்பரத்தில் பஸ். தேவிபட்டினம், திருப்புல்லாணி, தனுஷ்கோடி, ராமேஸ்வரம். 'ஸ்ரீராமர் நடந்த வழி' என்று நோட்டீஸில் பெரிய எழுத்து. நாங்கள் போவது அதற்கில்லை. என் வீட்டுக்காரர் பாஸ்கருக்குக் காரியம் செய்ய. பன்னிரண்டு வருஷம் ஆளைக் காணவில்லையென்றால் இறந்ததாக வைத்துச் செய்யலாமாம். தம்பி முறைக்குச் சேகர் செய்வான். அதற்கப்புறம் நித்யாவின் கல்யாணக் கார்டில் அப்பா பெயருக்கு முன்னால் 'அமரர்' போடலாம். சம்பந்தி அம்மா போனில்: "ஒண்ணு 'திரு'ன்னு இருக்கணும், இல்ல 'அமரர்'னு இருக்கணும். மொட்டையா எப்படிங்க போடறது? நாலு பேர் கேப்பாங்க இல்ல?"

நியாயமான கேள்விதான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

இந்த நோட்டில்தான் எழுத முடியும். அவன் சாகவில்லை. (வெளியே 'அவர்'. இங்கே மட்டும் 'அவன்'.) வீட்டைவிட்டுப் போய் நாலாவது வருஷம், ஒரு மத்தியானம், ஸ்கூல் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டான். "நான் நல்லா இருக்கேன். தேட வேணாம். பாப்பாவப் பாத்துக்கோ." அவ்வளவுதான். பின்னால் ஒரு பெண் குரல், யாரையோ கடைக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தது. உரிமையான குரல். வைத்துவிட்டான்.

யாருக்கும் சொல்லவில்லை. நித்யாவுக்கு, சேகருக்கு, ஒருத்தருக்கும். காணாமல் போனவர் பெண்டாட்டி என்றால் எங்கள் சிட்லபாக்கமே உருகும். விட்டுவிட்டுப் போனவன் பெண்டாட்டி என்றால் 'இவ என்ன பண்ணாளோ' என்பார்கள். முதல் பெயரே போதும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உயிரோடு இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணீரும். சொல்வதா, விடுவதா?

பிப்ரவரி 6, வெள்ளி

தேவிபட்டினம். வெயில் ஏழரைக்கே சுள்ளென்று. கடலுக்குள் ஒன்பது கல். ராமர் நட்டு வைத்து நவக்கிரகமாகக் கும்பிட்டாராம். கல்லைச் சுற்றித் தண்ணீரில் பூ, நவதானியம், ஒரு பிளாஸ்டிக் கவர். முட்டி வரை நனைந்து சுற்றினேன். கால் வைக்கிற இடமெல்லாம் வழுக்கல். சேகர் ஒரு கை கொடுத்தபடியே வந்தான்.

பக்கத்து சீட் சரோஜா டீச்சர், பல்லாவரம், ரிட்டயர்டு. முறுக்கு கொடுத்தே விஷயம் கறந்துவிடுகிற ஆள். ஒன்றும் சொல்லவில்லை நான். முறுக்கு மட்டும் சாப்பிட்டேன்.

திருப்புல்லாணி. ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கிறார். கடல் வழிவிட வேண்டும் என்று மூன்று நாள் காத்திருந்தாராம், வரவில்லை என்றதும் கோபம் வந்து வில்லை எடுத்தாராம். மூன்றே நாள்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அர்ச்சகர் திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில்தான் மானம் போனது. டூர் நடத்துகிற மூர்த்தி மைக்கில் பெயர்களைப் படித்தார். கிளம்பும்போதே ஃபாரம் கொடுத்திருந்தார், இரண்டு பட்டியல். குடும்ப நலத்துக்கு சங்கல்பம் செய்ய ஒன்று, முன்னோர் காரியத்துக்கு ஒன்று. நலப் பட்டியலை நான் எழுதினேன். காரியப் பட்டியலைச் சேகர்.

"சிட்லபாக்கம் ஃபேமிலி. குடும்ப நலம்: பாஸ்கர், அவிட்டம். நித்யா, ரோகிணி..." பக்கத்தைத் திருப்பினார். "பித்ரு காரியம்: பாஸ்கர்..." நிறுத்தினார். "மேடம், ஒரே பேரு ரெண்டுலயும் கீதே? எதை அடிக்கறது?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எந்தக் கோயிலிலும் அர்ச்சனைத் தட்டு நீட்டினால் என் வாய் முதலில் சொல்வது 'பாஸ்கர், அவிட்டம்'. இருபத்தாறு வருஷப் பழக்கம். கை தானாக எழுதியிருக்கிறது. யோசித்து எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேனோ, தெரியவில்லை.

சேகர் எழுந்து போய் மூர்த்தி காதில் ஏதோ சொன்னான். திரும்பி வந்து, "பழக்கம்தான அண்ணி, உடுங்க" என்றான். டீச்சர் இன்னொரு முறுக்கு நீட்டினார். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 7, சனி

ராமேஸ்வரம் லாட்ஜ். தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்கவில்லை. காபி சுமார்.

தனுஷ்கோடி போகிற வழியில் கோதண்டராமர் கோயில். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் தனியாக நிற்கிறது. விபீஷணன் அண்ணனை விட்டு வந்து ராமரிடம் சரணடைந்தது இங்கேதானாம். ஏன் வந்தாய், யாரை விட்டு வந்தாய் என்று ராமர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் பெருமை என்று மூர்த்தி உருகி உருகிச் சொன்னார்.

"அவர் பொண்டாட்டி?" என்றேன்.

"யார் பொண்டாட்டி மேடம்?"

"விபீஷணன் பொண்டாட்டி. அவங்களையும் கூட்டினு வந்தாரா, அங்கயே விட்டுட்டு வந்தாரா?"

டீச்சர்தான், "பேரு சரமை. இலங்கைலதான் இருந்தாங்க. சீதைக்கு ஆறுதல் சொன்னதே அவங்கதான்" என்றார். இத்தனை வருஷம் ராமாயணம் கேட்டிருக்கிறேன், இவள் பெயர் எனக்குத் தெரியாது. அங்கே ஒரு ஓவியத்திலும் அவளைக் காணோம்.

தனுஷ்கோடி. இடிந்த சர்ச், மணல், காற்று. கண்ணைத் திறக்க முடியவில்லை. சங்குக் கடை ஓரமாக உட்கார்ந்தோம். டீச்சர் கடைசியில் சேகரிடம் கறந்துவிட்டார். அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான்:

"தாம்பரம் டு செங்கல்பட்டு லைன்ல அடையாளம் தெரியாத ஆம்பள பாடின்னா எனக்குத்தான் டீச்சர் போன் வரும். ரயில்வே போலீஸ்ல என் நம்பர் எழுதி வெச்சுகீறாங்க. வேலைய போட்டுட்டு போவேன். துணிய தூக்கற வரைக்கும் கை காலு ஓடாது. அவன் இல்லன்னதும் அப்பாடான்னு இருக்கும். அப்பால வெக்கமா பூடும். அவனும் யாரோ ஒருத்தனுக்கு அண்ணன்தான?"

டீச்சர் அழுதுவிட்டார். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்கரின் அந்தப் போனுக்கு அப்புறம் நாலு தடவை சேகர் பிணம் பார்க்கப் போயிருக்கிறான். நாலு. ஒவ்வொரு தடவையும் நேரே என் வீட்டுக்குத்தான் வருவான். உள்ளே வர மாட்டான். வாசல் குழாயில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "அவன் இல்ல அண்ணி, கவலப்படாதீங்க" என்று சிரிப்பான். நான் காபி கொடுப்பேன். 'போகாதே சேகர், அவர் இருக்கார்' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் காபி கொடுத்திருக்கிறேன்.

இத்தனை நாள் பாஸ்கர் எனக்குச் செய்ததைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் சேகருக்குச் செய்தது இது. வெட்கமாக இருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

அக்னி தீர்த்தக் கரை. ஆறு மணி. அலையே இல்லை, குளம் மாதிரி. கரை முழுக்க வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து எள் இறைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி: "சீக்கிரம் முடிங்க சாமி, ட்ரெயின் கீது."

சேகர் ஈர வேட்டியோடு உட்கார்ந்தான். விரலில் தர்ப்பைப் பவித்திரம். எங்களுக்கு வந்த சாஸ்திரிகள் சின்ன வயசுதான், ஆனால் நிதானமான ஆள். உடம்புக்குப் பதிலாகத் தர்ப்பையை முடிந்து முடிந்து ஒரு ஆள் உருவம் கட்டினார். தலை, கை, கால். ஒரு முழம் இருக்கும். வாழை இலையில் கிடத்தினார். பாஸ்கர் நிஜமாகச் சாகும்போது யார் அப்படிக் கிடத்தப்போகிறார்களோ என்று ஓடியது மனசில்.

நான் கேட்டேன்: "இதைச் செஞ்சப்புறம் ஒருவேளை திரும்பி வந்துட்டா?"

"வந்தா புதுசாப் பொறந்த குழந்தை கணக்கு. பேர் வைக்கறதுலேர்ந்து எல்லாம் மறுபடி செய்யணும். உங்களுக்கே மறுபடி தாலி கட்டணும்." அப்புறம் என்னை நேராகப் பார்த்தார். "உடம்பை நான் பாக்கலை. இவரும் பாக்கலை. நீங்க ஒருதடவை உங்க வாயால 'அவர் இல்லை'ன்னு சொன்னாத்தான் நான் ஆரம்பிப்பேன்."

சேகர் தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லுங்க அண்ணி. நித்யாவுக்காக" என்றான். ரொம்ப மெதுவாக.

இரண்டு வார்த்தை. சொன்னால் கார்டு அச்சாகும், சம்பந்தி அம்மா வாயடைப்பாள், எல்லாம் முடிந்துவிடும். சேகர் கையிலிருந்த எள்ளைப் பார்த்தேன்.

"இருக்கார்" என்றேன். "போன் பண்ணார். உயிரோடதான் இருக்கார் சேகர்."

சாஸ்திரிகள் சட்டென்று உருவத்தை எடுத்து முடிச்சுகளைப் பிரித்துவிட்டார். "நல்லவேளை. இருக்கறவருக்குச் செஞ்சா செய்யறவனுக்குத்தான் தோஷம்" என்றார். சேகருக்குத்தான் வந்திருக்கும். அதையும் அவன் தலையிலேயே கட்டப் பார்த்திருக்கிறேன்.

சேகர் எழுந்திருக்கவில்லை. "எப்ப பண்ணான்?"

"நித்யா பிளஸ் டூ படிக்கச்சே."

விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட்டான். "அப்ப பரனூர் பாடி... அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

"மறைமலை நகர்?"

"அதுக்கும் முன்னால."

"நாலு பேரு அண்ணி" என்றான். "நாலு பேரு மூஞ்சிய பாத்தேன்." எள்ளை இலையில் கொட்டிவிட்டுக் கடலில் இறங்கி முழுகினான். எனக்கு அழுகை வரவில்லை.

கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். சேகர் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வழுக்குகிற இடத்தில் டீச்சர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை அவர். நல்ல மனுஷி. எத்தனையாவது கிணறு என்று எனக்கு விட்டுப்போயிற்று.

நித்யா மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. நேரில்தான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

விடிந்து தாம்பரம். ஜி.எஸ்.டி. ரோட்டில் எப்போதும்போல் நெரிசல், ஹாரன். வழி முழுக்கச் சேகர் டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். இறங்கும்போது என் பையை அவனே எடுத்துக் கீழே வைத்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். நின்றான்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு. என்னப் பத்தி எதுனா கேட்டானா?"

'கேட்டார்' என்று சொல்ல வாய் வரை வந்தது. சேகர் எப்படி இருக்கான் என்று கேட்டார், அவ்வளவு சொன்னால் போதும், அந்த முகம் தெளிந்திருக்கும். ராத்திரி முழுக்க முழித்த கண் சிவந்திருந்தது அவனுக்கு.

"இல்ல சேகர்" என்றேன்.

தலையை ஆட்டினான். இரண்டு தடவை. "பாத்துப் போங்க" என்றான். பல்லாவரம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

வீடு. நித்யா கேட்டைத் திறந்தாள். "சித்தப்பா எங்கம்மா? ரெண்டு பேருக்கும் சேத்து பொங்கல் வெச்சிருக்கேன்." உட்கார் என்றேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, அந்தக் குரல், நாலு பிணம், கரையில் நடந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. அப்பா எங்கே இருக்கிறார், எந்த ஊர், ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

போனை எடுத்துச் சித்தப்பாவுக்குப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.