இரண்டு சுற்றில் அடங்காத மூன்று அறைகள்

வெள்ளிக்கிழமை.

இரவுப் பள்ளியில் இப்போதுதான் கற்ற என் எழுத்து எறும்பு போல வரியை விட்டு ஓடுகிறது. நோட்டே, பொறுத்துக்கொள். இன்றைய சந்தோஷத்தை எழுதாமல் படுக்க முடியவில்லை.

நான் போர்மேனாக இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைகள் பதினொன்று. பக்கத்து அறைகளில் ஒரே நேரத்தில் கலக்கக் கூடாது. ஒன்றில் பொறி விழுந்தால் அடுத்ததும் போய்விடும். அதனால் காலை வேலையை மூன்று சுற்றாகப் பிரித்திருந்தேன். சீசன் அவசரத்தில் மேனேஜர், இரண்டு சுற்றே போதும் என்றார்.

அறைகளைப் புள்ளிகளாக வைத்து, நெருங்கி இருப்பவற்றுக்கு நடுவே கோடு போட்டேன். கிணற்றடியில் இருக்கும் மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கம்.

"சார், இந்த மூணையும் ரெண்டு சுத்துல அடச்சுக் காட்டுங்க" என்றேன்.

பென்சிலால் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்; எப்படிப் போட்டாலும் பக்கத்து அறைகள் இரண்டு ஒரே சுற்றில் விழுந்தன. "எழுதப் படிக்கத் தெரிஞ்சதும் வக்கீலாயிட்டீக அண்ணாச்சி" என்று சிரித்தார். மூன்றுக்கே சம்மதித்தார்.

கல்லூரியில் கணக்கு நடத்தும் மகளிடம் போனில் சொன்னேன்.

"இதுக்குப் பேரு நிரூபணம்ப்பா! அறைக ஒரே வரிசையில இருந்தா ஓரத்துலருந்து ஒண்ணு விட்டு ஒண்ணா ரெண்டே சுத்துல சுளுவாப் பிரிச்சிரலாம். நூத்துக்கணக்குல அங்கனயும் இங்கனயும் சிதறிக் கெடந்தா, கொறஞ்சது எத்தன சுத்துன்னு சட்டுன்னு சொல்ல கம்ப்யூட்டருக்கே வழி தெரியாது."

"அப்ப நானும் அதுவும் ஒரே கிளாஸா தாயி?" என்றேன். சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

நாளைக் காலை பலகையில் மூன்று சுற்றையும் என் கையாலேயே எழுத வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் இங்கே எழுத வரும்போது, வரி கொஞ்சம் நேராகியிருக்கும்.