திரும்பும் பேருந்தில் ஏறாதவள்

உல்வர்ஹாம்ப்டன்
7 ஜூன் 1976

அன்புள்ள எட்னா,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. சனிக்கிழமை ஹெல்டன் துறவிமட இடிபாடுகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று டிரைவர் கேட்டான். "எம் பொண்டாட்டி பின்னாடி மேவிஸோட இருப்பா, நீ எடுப்பா" என்று சொன்னவன் நான்தான். ஊர் வந்து இறங்கிய பிறகுதான் நீ இல்லாதது தெரிந்தது. பக்கத்து வீட்டு மேவிஸ் விடுவாளா? "கேமராவ பத்திரமா கொண்டாந்துட்ட, பொண்டாட்டிய மறந்துட்டியே ரெஜ்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

இடிபாட்டுக்குப் பக்கத்துத் தேநீர்க்கடை மாடியில் தங்கியிருப்பதாகப் போனில் சொன்னாய். எப்போது வருவாய் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாய். வீட்டில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கோபம் ஆறியதும் வந்துவிடு.

உன்
ரெஜ்

ஹெல்டன்
10 ஜூன்

அன்புள்ள ரெஜ்,

கோபமே வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பேருந்து கிளம்பியதைச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சத்தம் போட்டிருந்தால் நின்றிருக்கும். நீ திரும்பிப் பார்க்கிறாயா என்று காத்திருந்தேன். துறவிகள் வெட்டிய வாய்க்காலைப் பற்றிப் பக்கத்து சீட்டுக்காரருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய்.

இந்தக் கடையில் கேக் சுட ஆள் வேண்டுமாம், செய்துகொடுக்கிறேன். வீட்டை நினைத்தால் கால் பரபரக்கிறது. இங்கேயும் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நீயே வந்து கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். பன்றிக்கறி அப்பம் குளிர்பெட்டியில் இருக்கிறது, கெடுவதற்குள் தின்றுவிடு.

எட்னா

உல்வர்ஹாம்ப்டன்
14 ஜூன்

அன்புள்ள எட்னா,

சனிக்கிழமை ரயிலேறி வந்தேன். உனக்குத் தெரியாது.

இடிந்த வாசலருகே வந்து நின்றேன். புல்வெளியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நீ தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாய். "சர்க்கரையே இல்லையேம்மா?" என்றார் ஒரு கிழவர். "என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே குடிங்க, தித்திக்கும்" என்றாய். அந்தக் குரலைக் கல்யாணத்துக்கு முன்னால் கேட்டது. காற்றில் உன் தொப்பி பறந்தது. சிரித்துக்கொண்டே துரத்தினாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாய். வாயைத் திறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வரைக்கும் வந்திருப்பாய். நாக்கு நுனி வரை வந்த உன் பெயரை விழுங்கிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

வந்ததிலிருந்து அறை அறையாக நடந்துகொண்டிருக்கிறேன். உன் துணிமணிகளைக் கட்டிவைத்துவிட்டேன், மேவிஸ் கொண்டுவருவாள். நீ வர வேண்டாம் எட்னா. வந்தால் நான் மறுபடியும் உன்னைப் பார்க்காமல் இருந்துவிடுவேன்.

ரெஜ்