முதல் வீட்டு ஃபிரிட்ஜ்

இன்று காலை ஃபிரிட்ஜைத் திறந்ததும் புளித்த மாவின் வாடை முகத்தில் அடித்தது. கை தானாகவே அதன் உள்பக்கப் பின்சுவருக்குப் போயிற்று. காற்று வரும் துளைகளைத் தடவிப் பார்த்தேன், அடைப்பில்லை. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தேன். தடையில்லாமல் கையோடு வந்தது. கதவின் ரப்பர் பட்டை அழுக்கேறி விலகியிருந்தது. வெந்நீரில் துடைத்து அழுத்தியதும் பிடித்துக்கொண்டது. கண்டுபிடித்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லத் திரும்பினேன். நீ போய் இரண்டு வருடமாகிறது.

கோவை கணபதியில் ஆறு வீடுகள் கொண்ட இந்த லைனில் முதல் வீடு நம்முடையது. நீ கோபிக்காரி, நான் பொள்ளாச்சி. ஒரே பம்ப் கம்பெனியில் வேலை பார்த்து, வாடகையைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு பெண்கள். பழைய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றை நீ வாங்கி வந்தாய். லைனில் வேறு யாரிடமும் இல்லை. ஒரே வாரத்தில் இரண்டாம் வீட்டம்மா மாவு நிறைந்த தூக்குப்போசியோடு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, மாவை ஒரு ஓரமா வெச்சுக்கட்டுங்களா?"

"அதுக்கென்னங்க, வெய்ங்க."

அந்த "அதுக்கென்னங்க"தான் உன் வியாதி. மாதம் முடிவதற்குள் நான்கு வீட்டு மாவும் உள்ளே. நம் தக்காளிக்கு இடமில்லை. பிறகு கீழே குளிர்ச்சியே நின்றுபோனது. மெக்கானிக் வந்து, "கேஸ் எறங்கிப்போச்சுங்க" என்றார். அவர் போனதும் நீ சொன்னாய்: "மேல ஐஸ் கல்லாட்டம் நிக்குது. கேஸ் போயிருந்தா மேலயும் நிக்காது புள்ள." பின்பக்கத் தூசியைத் தட்டினாய். சுவரிலிருந்து அரையடி தள்ளி வைத்தாய். நான் பொறுமையில்லாமல் குளிரைக் கூட்டும் குமிழைக் கடைசி எண்வரை திருகினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வாரம்தான் கடைசி வீட்டு அக்கா வந்தார். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். லைனில் யாரும் அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை. பத்து வயது மகளுக்குச் சர்க்கரை. தினமும் இன்சுலின் போட வேண்டும்.

வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "ஃபிரிட்ஜ்ல வெக்கோணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கம்மணி. பானைத் தண்ணியிலதான் வெச்சிருந்தேன். புள்ளைக்குச் சர்க்கரை எறங்கவே மாட்டீங்குது."

"உள்ள வாங்கக்கா. ஃபிரிட்ஜ் கொஞ்சம் மக்கர் பண்ணுது. இன்னைக்கே சரி பண்ணிப்போடறேன்," என்று மருந்தை வாங்கி நடுத்தட்டில் வைத்தாய்.

இரண்டாம் வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் நான்கு மாவுப் பாத்திரங்களும் வெளியேறின. "மருந்துப் பக்கத்துல திங்கற சாமான் வேண்டாமுங்க" என்றார்கள், எல்லோரும் ஒரே மாதிரி. எவ்வளவு மரியாதை. சாதியைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள் நம் ஊரில்.

"போய்க் கேக்கட்டுமா?" என்றேன்.

"இரு புள்ள. இங்க வந்து பாரு."

காலியான தட்டின் பின்சுவரில் பொங்கி வழிந்த மாவு காய்ந்து, காற்றுத் துளைகளைப் பூசி மெழுகியிருந்தது. மேலிருந்து குளிர்ந்த காற்று இறங்க வழியே இல்லை. ஃபிரிட்ஜை அணைத்து, ஈரத்துணியால் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்தாய். மீண்டும் போட்டதும் நான் திருகிய குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தாய். "மருந்து உறைஞ்சாலும் வீண்தான்" என்றாய். கம்பெனியிலிருந்து இரவல் வாங்கிய வெப்பமானியை ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி உள்ளே வைத்தாய். மறுநாள் காலை ஐந்து டிகிரி. வெளியே கிடந்த மருந்தை நம்ப வேண்டாம் என்று புது மருந்து வாங்கிவரச் சொன்னாய். இரண்டு வாரத்தில் அக்காவின் மகள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள்.

சித்திரை வெயிலில் இரண்டாம் வீட்டம்மா திரும்பி வந்தார். நீ வழக்கம்போல் "அதுக்கென்னங்க" என்பாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"வெய்ங்க. ஆனா மருந்து இங்கதானுங்க இருக்கும். அந்தப் புள்ளையே வந்து தொறந்து எடுத்துக்கும். அது தொட்ட ஃபிரிட்ஜுல வெக்கறதுன்னா வெய்ங்க."

அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த வெயிலுக்கு என்னத்தைங்க பேசறது" என்று பாத்திரத்தை உள்ளே தள்ளினார். அவர் மனம் மாறியது என்று எழுத மாட்டேன். மாவு புளித்தது, அவ்வளவுதான். "அது போதும் புள்ள, கதவு தொறந்திருச்சல்ல" என்றாய். எனக்குப் போதவில்லை. இன்றும் போதவில்லை.

அதற்கு ஐந்து வருடம் கழித்து, ஷிப்ட் முடிந்து வரும்போது உன்னை லாரி இடித்தது. கம்பெனி உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, மறுநாளே உன் இடத்தில் வேறொருத்தியை உட்காரவைத்தது. உன் வீட்டார் துணிமணிகளை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜை என்னிடம் விட்டுப்போனார்கள். அதனோடு நீ அன்று சொன்ன அந்த "ஆனா"வும் என்னிடம் இருக்கிறது. கம்பெனியிலும் வீட்டு உரிமையாளரிடமும் அதைச் சொல்லிப் பழகிவருகிறேன். உன்னைப் போல் குரல் உயராமல் சொல்ல இன்னும் வரவில்லை.

இன்று மாலை நான்காம் வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் பாத்திரத்தோடு நின்றாள். "இதுல யாரெல்லாமுங்க வெக்கறாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். வாய் திறப்பதற்குள், மருந்து எடுக்க வந்த கடைசி வீட்டு அக்காவின் மகள் என்னைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள் இப்போது.

"நாங்கெல்லாம் வெக்கறமுங்கக்கா. குடுங்க," என்று கையை நீட்டினாள். "இவ்வளவு ரொப்பாதீங்க, பொங்கி அடைச்சுக்கும்."

புதிதாக வந்தவள் என்னைப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தாள்.