முனியாண்டிக்கு முன்னால சிலுப்பாத துரை

அன்பு மக தனுஜாவுக்கு அப்பா எழுதிக்கிறது. இங்க பொகவந்தலாவையில மழை, சளி, ஒங்கம்மா நாகலெட்சுமியோட வாயி மூணும் நல்லா இருக்கு, அதனால நாங்களும் சுகம். அந்த ஸ்கொட்லாந்து குளிர்ல நீயும், நீ ஆராய்ச்சி பண்ற செம்மறிங்களும் அதே மாதிரி இருக்கணும்னு முனியாண்டிய கும்பிட்டுக்கிறேன். மெயில்ல எழுதியிருப்பேன், ஆனா இங்கிலீசு எழுத்துல தமிழ் அடிச்சு அத ஒங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுறதுக்குள்ள அவ என்னைய ஏசி முடிச்சிருவா, அதான் கடுதாசி.

விசயம் நம்ம கெடா துரையப் பத்தி. கந்தப்பளையில வாங்குன சீமைச் செம்மறி, நீ போட்டோவுல பாத்தியே, அவந்தான். ஒரு வேலையும் செய்யாம எல்லாரையும் மொறைச்சுப் பாக்குறான்னுதான் துரைன்னு பேரு வச்சேன். அடுத்த லயத்துக் காளியாயி அதோட பொட்டைச் செம்மறிங்கள கொண்டாந்து விட்டா, இவன் தேயிலை மலைய பாத்துக்கிட்டு நிக்கிறான். ஒங்கம்மா பாத்தா. ஒனக்கு விசா கெடச்சா கெடா வெட்டுறதா வேண்டியிருக்கேன், ஒண்ணுக்கும் ஒதவாத இவனையே திருவிழாவுல குடுத்துருவோம்னுட்டா. எனக்கு மனசு கேக்கல. திருவிழாவுக்குள்ள அவன ஆம்பளையாக்கிக் காட்டுறேன், எம் மக படிக்கிறதே இதத்தான்னு சவால் விட்டுட்டேன்.

நீ போன்ல சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி பிட்யூட்டரி, அது விடுற ஹோர்மோன்தான் ஆட்ட ஆட்டி வைக்குது, அந்த ஹோர்மோன புடிச்சுக்கிற புரதத்துக்கு ஜீன் ஒண்ணுதான், ஆனா செல்லு அந்த ஜீனு குடுக்குற சேதிய வேற வேற மாதிரி வெட்டி ஒட்டி நீளமா ஒண்ணும் கட்டையா ஒண்ணும் செஞ்சுக்குது. இத காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுல எல்லாருக்கும் வெளக்குனேன். ஒரே சேலை, நாகலெட்சுமி ஒரு மாதிரி வெட்டித் தச்சா ஜன்னல் திரை, இன்னொரு மாதிரி வெட்டித் தச்சா பாவாடைன்னேன். கங்காணி, ஏ அழகா, அப்ப ஒங்கெடா திரையா பாவாடையான்னு கேட்டு மானத்த வாங்கிட்டாரு.

அதோட விட்டேனா. ஹட்டன் நெட் கடையில ஒரு பக்கம் வாசிச்சேன், வெளிச்சம் கண்ணு வழியா போயி பிட்யூட்டரிய மாத்துதாம். மிச்சத்த வாசிக்கிறதுக்குள்ள கடைசி பஸ்ஸு வந்துருச்சு. கோழிக்கு லைட்டு போட்டா முட்டை கூடுதுல்ல, கெடாவுக்கும் அதேதான்னு பட்டியில விடிய விடிய பல்பு எரிய விட்டேன். துரை நல்லா தின்னான், பொட்டைங்கள திரும்பிக்கூட பாக்கல. என்னாண்ணே, ஒங்க கெடாவுக்கு பரீட்சையான்னு காளியாயி கேட்டுச்சு. அப்புறந்தான் நீ போன்ல, அய்யோ அப்பா, இந்தச் சாதிச் செம்மறிக்கு பகல் கொறஞ்சாத்தான் ஆசை வரும்னு விழுந்து விழுந்து சிரிச்ச. அன்னைக்கே பல்ப கழட்டிட்டு, உரச்சாக்க சுத்திக் கட்டி, சாயங்காலத்துக்கு முன்னாடியே பட்டிய இருட்டாக்கிட்டேன். ரெண்டு மாசமாவது ஆகும்னு நீ சொன்ன, திருவிழா அதுக்கு முன்னாடியே வந்துருச்சு.

முனியாண்டி முன்னால மாலையப் போட்டு துரைய நிறுத்திட்டாங்க. பூசாரி மாயாண்டி மஞ்சத் தண்ணி தெளிச்சாரு. கெடா ஒடம்ப சிலுப்புனாத்தான் சாமி உத்தரவு, சிலுப்பாம வெட்டக்கூடாது, ஒனக்குத் தெரியாததா. சொம்புத் தண்ணி ஊத்துனாரு, சிலுப்பல. காதுல ஊத்துனாரு, சிலுப்பல. முனியாண்டி, எம் புள்ள மேல கோவமான்னு ஒங்கம்மா அழ ஆரம்பிச்சுட்டா. மாயாண்டிக்கு எரிச்சல் வந்து வாளியோட கவுத்தாரு பாரு, துரை கயித்த அறுத்துக்கிட்டு கூட்டத்துக்குள்ள பாஞ்சு, வேடிக்கை பாக்க காளியாயி புடிச்சுக்கிட்டு நின்ன பொட்டை மேல ஏறிட்டான், மாலையோட, சாமிக்கு நேரா, தப்பு அடிச்சுக்கிட்டு இருக்கப்பவே. பொம்பளைங்க முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க. மாயாண்டி அருவாள கீழ வச்சுட்டு, குடும்பஸ்தன வெட்ட சாமி ஒத்துக்காதுன்னுட்டாரு.

இது முனியாண்டி வேலைன்னு ஒங்கம்மா, உரச்சாக்கு வேலைன்னு நான். நீ என் பக்கந்தான் பேசணும். ஆனா வேண்டுதல் நிலுவையில நின்னா ஒனக்கு ஆகாதுன்னு சொல்லி, கெடாவுக்குப் பதிலா என் தலை முடிய குடுக்குறதா ஒங்கம்மா அங்கயே ஒத்துக்கிட்டா. மாயாண்டி என் தலையில தண்ணி தெளிச்சாரு. அந்தக் குளிருல நான் நல்லாவே சிலுப்பிட்டேன் தாயி.

வேளைக்குச் சாப்புடு, காத மூடிக்கிட்டு வெளிய போ, எல்லாத் தெய்வமும் ஒனக்குத் தொணையா நிக்கும். பொட்டை சினையான்னு எப்ப தெரியும்னு மறக்காம எழுது, காளியாயி தெனம் கேக்குது.

இப்படிக்கு,
ஒங்கம்மா பின்னுன குல்லாவுக்குள்ள இருந்து,
ஒங்கப்பா அழகன்