கிணற்றில் வந்த கரி

1943, ஆவணி, செவ்வாய் இரவு.

போன மாதம் விளாங்குடி மாமா, புதுக் கிணறு வெட்டும்போது வந்த கருங்கட்டியை வேட்டியில் முடிந்துகொண்டு என் ஆபீசுக்கே வந்துவிட்டார். "மாப்ள, நிலக்கரி. குத்தகைய எனக்கே தரச்சொல்லி சர்க்காருக்கு எழுது." எழுதினேன். சர்வே எண்ணையும் தெளிவாகப் போட்டேன்.

இன்று தலைமைக் குமாஸ்தா சிரித்தார். "எடத்த நீயே காட்டிக் குடுத்துட்டியேப்பா. பூமிக்கடியில உள்ளது சர்க்காரோடது. தோண்டுற குத்தகையும் மானியமும் சுரங்கக் கம்பெனிக்கு. ஒங்க மாமாவுக்குப் பயிர் நஷ்டஈடு, அம்புட்டுத்தான்."

நாளை கம்பெனி ஆட்கள் நிலத்தை அளக்க வருகிறார்கள். அது வெறும் கல்லாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எந்தச் சாமியிடம் என்று தெரியவில்லை. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. வருகிறவர்களுக்குக் கிடா வெட்டுகிறார். மனு எழுதிய மருமகன் முதல் பந்தியில் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டுமாம்.